முப்பது கஜம்

சேலத்தில் இருக்கும் மகனுக்கு வேலூரிலிருந்து உன் நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ சுகமா என்று கேட்டுக் கடிதத்தைத் தொடங்க எனக்கு இப்போது மனசு வரவில்லை. உன் உடம்புக்கு ஒன்றும் இருக்காது. உன் கடிதம் வந்ததிலிருந்து என் உடம்புதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டி உனக்கு ரகசியமாக அனுப்பப் போவதில்லை. முதலில் காலேஜுக்கு எடுத்துப்போய் ஹெட்கிளார்க் கையில் கொடுத்து, பிரின்சிபால் துரைக்கு வரிக்கு வரி இங்கிலீஷில் படித்துச் சொல்லச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் தபாலில் போடுவேன். ஆகவே இது உன் கைக்கு வரும்போது இதில் உள்ளதெல்லாம் இங்கே நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். முதலில் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே நைனா என்று நீ கேட்பாய். தனியாகச் சொல்ல எனக்கு எட்டு வருஷம் இருந்தது, நான் சொல்லவில்லை.

இந்த டெர்ம் முடிந்ததும் நான் காலேஜ் டிரில் மாஸ்டர் வேலையை விடுகிறேன். என் இடத்துக்கு இரண்டு பேர் மனுப் போட்டிருக்கிறீர்கள். நீ ஒருவன், ஆம்பூர் ரஹீம் ஒருவன். இத்தனை வருஷம் மைதானத்தில் நின்றவன் என்பதால் துரை என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் உன் கையில் ஓடினவர்கள்தானே, யார் தேவலை என்று எழுதிக்கொடு என்றார். இது எப்படியோ உனக்குத் தெரிந்துபோய், எனக்காக இரண்டு நல்ல வார்த்தை எழுதுங்கள் நைனா என்று கேட்டு எழுதினாய். அதில் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவனிடம் பிள்ளை கேட்கத்தான் கேட்பான். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? அதற்குக் கீழே, ரஹீம் தோல் ஷாப்புக்காரன், அவன் வந்து நின்றால் கிரவுண்டே நாறும், துரையிடம் இதையும் ஜாடையாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தபோது நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால், கல்யாணம் ஆனவன் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன், கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன்.

என்னடா நாற்றம் உனக்கு? இந்த வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் தோலில் சோறு தின்னாதவன் யார்? உன் அம்மாவைப் பெற்றவர் ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் குடோனில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தார். லீவுக்கு அங்கே போனால் தோல் பதனிட வைத்திருக்கிற ஆவாரம்பட்டை மூட்டை மேல் ஏறிக் குதித்துவிட்டுச் சட்டையெல்லாம் தூளாக வருவாயே, அப்போது நாறவில்லையா? சேலத்துப் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராகக் காலில் மாட்டிக்கொண்டு நிற்கிறாயே ஒரு ஷூ, அதன் தோலை யாரோ ஒருவன் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்று ஊறப்போட்டுச் சுரண்டித்தான் உனக்கு அனுப்பினான். கை வெந்தது அவனுக்கு, மூக்கைப் பிடிப்பது நீயா?

உன்னைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரஹீம் முதல் வருஷம் காலேஜில் சேர்ந்தபோது, அவன் அப்பன் தோல் பதனிடுகிற ஷாப்பில் தோல் சுரண்டுகிறவன் என்று தெரிந்து பக்கத்தில் நிற்க மாட்டோம் என்று இரண்டு மூன்று பையன்கள் முணுமுணுத்தார்கள். நான் என்ன செய்தேன்? அந்தப் பையன்களை அதட்டவில்லை. ரஹீமைக் கடைசி வரிசையின் கோடியில் போய் நிற்கச் சொன்னேன். அவனும் போய் நின்றான். ஒரு மாசம் கழித்து முதல் தடவையாக அவன் ஓடினதைப் பார்த்த பிறகு முன் வரிசைக்குக் கூப்பிட்டேன். அவன் ஓடத் தெரியாதவனாக இருந்திருந்தால் படித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கோடியில்தான் நின்றிருப்பான். அது என் யோக்கியதை.

எனக்கு இந்த வேலை தெரிந்தா வந்தேன்? பஸ்ராவில் சண்டை முடிந்து ஹவில்தாராகத் திரும்பி வந்தவனுக்கு ஒரு விசிலும் ஒரு காக்கி நிஜாரும் கொடுத்து, டிரில் மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். எனக்குத் தெரிந்தது லெப்டு ரைட்டு மட்டும்தான். ஓடுகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என்று பட்டாளத்தில் சொன்னதை நம்பி, சித்திரை வெயிலில் ஒரு பையனை ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் ஓடவைத்தேன். அவன் கண் செருகி விழுந்தான். கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிழைத்தது அவன் ஆயுசு கெட்டி. அன்றைக்கு அவன் அம்மா என்னைக் கேட்ட கேள்விகளை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் கத்துவதைக் குறைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். குதிகால் முதலில் விழுகிறதா, விரல் முதலில் விழுகிறதா, கை எங்கே போகிறது, மூச்சு எங்கே முட்டுகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். புஸ்தகம் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு இங்கிலீஷ் போதாது. அதனால் வருஷா வருஷம் காலேஜில் போட்டோ எடுக்கும்போது வாத்தியார்களெல்லாம் நாற்காலியில் உட்காருவார்கள், என்னைப் பின்னால் பியூனுக்குப் பக்கத்தில் நிற்கவைப்பார்கள். நீ சின்னப் பையனாக ஒரு தடவை அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஏன் நைனா உங்களுக்கு நாற்காலி இல்லை என்று கேட்டாய். உயரமானவன் பின்னால் நிற்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். என் பிள்ளை சர்டிபிகேட் வாங்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று அன்றைக்கே எனக்குள் ஒரு வெறி ஏறிவிட்டது. பின்னால் நடந்ததெல்லாம் அந்த வெறி செய்த வேலை. அதற்காக நான் செய்தது சரி என்று ஆகிவிடாது.

இதைப் படித்துச் சொல்லப்போகிற ஹெட்கிளார்க்குக்கு மைதானத்துச் சங்கதி தெரியாது. அவருக்காகவும் கொஞ்சம் விளக்குகிறேன். நம் ஸ்போர்ட்ஸ் டேயில் எல்லா ஓட்டமும் ஒரே கோட்டில்தான் தொடங்கும், அரை மைல் ஓட்டம் தவிர. அதற்குக் கோப்பை கொடுத்த ஆம்பூர் சாயபு ஒருவர், ஜெயிக்கிறவனே வருஷா வருஷம் ஜெயித்தால் பார்க்கிறவனுக்கு இன்னா ருசி என்று கேட்டு, அதை ஹாண்டிகேப் ஓட்டமாக வைக்கச் சொன்னார். அதாவது, இருக்கிறவர்களில் வேகமானவன் பின்னால் முதல் கோட்டில் நிற்பான். அவனைவிடக் கொஞ்சம் மெதுவானவன் அவனுக்கு முன்னால் பத்து கஜத்தில், அதைவிட மெதுவானவன் இருபதில், முப்பதில். சரியாகக் கோடு போட்டால் அத்தனை பேரும் கடைசியில் தோளோடு தோளாக வந்து சேர வேண்டும். யாருக்கு எத்தனை கஜம் என்பதை நான்தான் முடிவு பண்ணுவேன். அதற்காக மூன்று நாள் முன்னால் ஒவ்வொருவனையும் தனித்தனியாக ஓடவிட்டு வாட்ச்சில் பார்ப்பேன். பார்த்து எழுதினால் அதோடு சரி. பிரின்சிபாலே ஆனாலும் ஏன் என்று கேட்க முடியாது. லாங் பஜாரில் வாங்கின சுண்ணாம்புத் தூளைக் கையில் எடுத்துக் குனிந்து அந்தக் கோடுகளைப் போடுகிறபோது, இந்த வேலையில் எனக்கென்று இருக்கிற ஒரே மரியாதை இதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், உனக்கும் ரஹீமுக்கும் காலேஜில் கடைசி வருஷம். சாம்பியனாக வருகிற பையனை மதராஸில் தேகப்பயிற்சிக் கல்லூரிக்குக் காலேஜ் சார்பில் அனுப்புவதாகத் துரை சொல்லியிருந்தார். அதுவரை நடந்த பந்தயங்களில் நீயும் ரஹீமும் சமமாகப் பாயிண்டு வாங்கியிருந்தீர்கள். அரை மைல் ஒன்றுதான் பாக்கி. அதில் யார் முந்துகிறானோ அவனுக்கு மதராஸும் அந்த சர்டிபிகேட்டும்.

டிரையல் நடந்தது நோன்பு மாசத்தில். ரஹீம் விடியலிலிருந்து எச்சில்கூட விழுங்காமல் வந்து நின்றான். இன்றைக்கு வேண்டாம், போன வாரத்து நேரத்தை வைத்துக் கோடு போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை. "நோன்பு என்னோட விஷயம் சார், ஓட்டம் உங்க விஷயம்" என்று சொல்லிவிட்டு ஓடினான். முடித்ததும் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு குனிந்தவன் நிமிரக் கால் மணி ஆயிற்று. உதடு வெடித்திருந்தது. அந்த நிலைமையிலும் அவன் நேரம்தான் எல்லோரையும்விடக் கம்மி. அடுத்து நீ ஓடினாய். வாட்ச்சைப் பார்த்தால் நீ வழக்கமாக ஓடுகிற நேரத்தைவிட நாலைந்து செகண்டு ஜாஸ்தி. உடம்பு சரியில்லையோ என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாய். அரை மைலை முழு வேகத்தில் ஓடினவன் எவனாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். நீ வேண்டுமென்றே மெதுவாக ஓடியிருக்கிறாய் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் குனிந்து, முப்பது கஜம் என்று நோட்டில் எழுதினேன்.

உனக்கு நியாயமாகப் பத்து கஜம் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு சாண்கூடக் கிடையாது. நான் முப்பது எழுதினேன். அதை எழுதும்போது கை நடுங்கியிருந்தால், மனசு உறுத்தியது என்றாவது இங்கே சொல்லிக்கொள்ளலாம். நடுங்கவில்லை. சந்தோஷமாகத்தான் எழுதினேன்.

பந்தயத்தன்று ரஹீம் பின்கோட்டில் நின்றபடி முன்னால் உன் முதுகைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு கோட்டில் காலை வைத்தான். கடைசித் திருப்பத்தில் மற்ற எல்லோரையும் தாண்டிவிட்டான். நீ மட்டும் முன்னால் இருந்தாய். நீ இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாய். ஓட்டத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எவ்வளவு கஜம் பாக்கி இருக்கிறது, எவ்வளவு ஓடினால் போதும் என்று அளந்து ஓடினாய். ஒரு கை நீளத்தில் ஜெயித்தாய். ஜனங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் தோளைத் தட்டி, மாஸ்டர் பிள்ளை என்றால் சும்மாவா என்றார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ரஹீம் உன் கையைக் குலுக்கிவிட்டு, காலில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, ஆம்பூர் ரயிலுக்குப் போய்விட்டான்.

நீ மதராஸுக்குக் கிளம்பின அன்று காட்பாடி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். "நைனா, அந்த அரை மைல்ல நான்..." என்று ஆரம்பித்தாய். வண்டி வருது, மூட்டையை எடு என்று அதட்டினேன். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. உனக்கு இருபத்திரண்டு வயசு, தப்பைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தாய். அந்த வாயை அடைத்தது நான். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போகப்போக, அந்த ஓட்டத்தை நீ நிஜமாகவே ஜெயித்ததாக நீயே நம்பிவிட்டாய். இப்போது மனுவில் சாம்பியன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாய். ஜெயித்தவனை நாறுகிறவன் என்கிறாய். பிள்ளையை நான் எப்படி வளர்த்துவிட்டேன் என்பதை அந்த ஒரு வரியில் எனக்குக் காட்டிவிட்டாய். என் கோபத்தில் பாதி அதனால்தான்.

ரஹீம் என்ன ஆனான் என்று நீ விசாரித்ததே இல்லை. அப்பன் வேலை பார்த்த அதே ஷாப்பில் மேஸ்திரியாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலாற்று மணலில் ஷாப்புப் பையன்களையும் பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து ஓடவிடுகிறான். போன வருஷம் அவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்தான். காலில் ஒன்றும் இல்லாத அந்தப் பையன்கள் நம் காலேஜ் பையன்களை அரை மைலில் அடித்துவிட்டுப் போனார்கள். வாட்ச் என் கையில் இருந்தது. சர்டிபிகேட் இல்லாதவன் உண்டாக்கின கால்களைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை வண்டியில் நான் ஆம்பூர் போனேன். அவன் தொட்டிக்குப் பக்கத்தில் வேலையாட்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்னா சார் இவ்ளோ தூரம் என்று கேட்டு, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே நோட்டில் எழுதினதைச் சொன்னேன். டிரையலில் நீ மெதுவாக ஓடினதையும் எனக்கு அது தெரிந்திருந்ததையும் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார்," என்றான். "கூடவே ஓடறவன், அவன் கால் எனக்குத் தெரியாதா? அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் ஜெயிக்கணும்னு பார்த்தான். கோடு போட்டது நீங்க. உங்களைத்தான் நான் நம்பிட்டு இருந்தேன்."

சண்டையில் பக்கத்தில் இருந்தவன் செத்து விழுந்தபோதுகூட நான் அழுதவன் இல்லை. அந்த ஷாப்பில், அத்தனை பேருக்கு நடுவில் அழுதேன். அன்றைக்கே ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். கேட்டு இன்னா ஆகப்போவுது, நோட்டு உங்க கையில இருந்துச்சு என்றான்.

துரைக்கு நான் என்ன எழுதினேன் என்பதை இப்போது தெரிந்துகொள். இந்த வேலைக்கு ரஹீம்தான் தகுந்தவன் என்று எழுதியிருக்கிறேன். என் மகன் மனுவில் சாம்பியன் என்று போட்டிருப்பது நான் செய்த மோசத்தில் கிடைத்த பட்டம் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு நடத்த இருக்கிற பிரிவுபசாரக் கூட்டம் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். இதனால் ரஹீமுக்கு வேலை கிடைத்துவிடும் என்று நிச்சயம் கிடையாது. சர்டிபிகேட் இல்லை என்று அவனையும் தள்ளிவிட்டு மதராஸிலிருந்து மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தாலும் வருவார்கள். உனக்கு மட்டும் என் கையால் கிடைக்காது. நீ என்னைச் சபிக்கலாம். உன் பெண்டாட்டி இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லலாம். உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன்.

சேலத்தில் உன்னிடம் இருக்கிற பிள்ளைகளை ஒழுங்காகப் பார். எவனுக்கு எத்தனை வயசு என்பதைவிட எவன் வீட்டில் காலையில் அடுப்பு எரிந்தது என்று கேட்டுவிட்டு ஓடவிடு. நாளைக்கு உன் பிள்ளையே உன் மைதானத்துக்கு வந்தால், அவன் ஓட்டத்துக்கு வாட்ச்சை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நீ எட்டிப் போய் நில். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது.

ஒரு விஷயம் என்னை இப்போதும் அரித்துக்கொண்டிருக்கிறது. உன்னைப் பத்து கஜத்தில் நிறுத்தியிருந்தால், நீ திரும்பிப் பார்க்காமல் முட்டி மோதி ஓடி, அப்போதும் ஜெயித்திருப்பாயோ என்னவோ. உன்னிடம் அந்த ஓட்டம் இருந்தது. நான் பார்த்திருக்கிறேன். இருபது கஜத்தைக் கூடக் கொடுத்து, அதைத் தெரிந்துகொள்ள முடியாமல் செய்துவிட்டேன். ரஹீமுக்குச் செய்த அநியாயத்தைப்பற்றி அவனிடம் சொல்லிவிட்டேன். உனக்குச் செய்ததை இங்கே சொல்கிறேன்.

நான் கிளம்பும்போது ரஹீம் தெருமுனை வரைக்கும் கூட வந்தான். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாற்றுக்கு வரச் சொல்லுங்க சார், ரெண்டு பேரும் ஒரே கோட்டுல நின்னு ஒரு தடவை ஓடிடலாம், அப்புறம் இந்தப் பேச்சே வேணாம் என்றான். அவனுக்கும் முப்பது வயசாகிவிட்டது, லேசாகத் தொப்பைகூட விழுந்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று பார்த்தேன். விளையாட்டு இல்லை. அவன் ஓடவிடுகிற பையன்களே கோடு போடுவார்கள், நான் கோட்டுப் பக்கமே வராமல் கரையில் நிற்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அங்கே இருப்பான். உங்க பிள்ளை வருவானா சார் என்று இரண்டு தடவை கேட்டான். வருவான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொல்லும்போது எனக்கே நிச்சயம் இல்லை.

உன் நைனா